ஆகா கான் குதிரைங்க: ஆம்பளையை வித்தாங்க, பொம்பளையை வச்சுக்கிட்டாங்க

கேள்வி, 6 அக்டோபர் 2025
நேத்து பாரிஸ்ல ஆர்க்னு சொல்ற பெரிய ரேஸ்ல டாரிஸ் ஜெயிச்சுது, இஸ்மாயிலி முஸ்லிம்களோட இமாமா, அதாவது மதத் தலைவரா இருக்கிற ஆகா கான் குடும்பத்து குதிரையாம். 100 வருஷமா இதே குடும்பம் பேரு தான் கேக்குது. பணம் பத்தும் செய்யும், இவங்களுக்கு கணக்கில்லாம இருக்கு, அதான் ஜெயிக்கிறாங்க. இதுல வம்சம், பாரம்பரியம்னு கொண்டாட என்ன இருக்கு?

6 அக்டோபர், ராத்திரி

காசு இல்லாம இந்த ஆட்டத்துக்குள்ள கால் வைக்கவே முடியாது, அதை யாரும் மறுக்கல. ஆனா காசு மட்டும் போதும்னா மார்செல் புசாக் ஏன் காணாம போனார்? பிரான்ஸ்ல துணி மில் ராஜா, ரேஸ் உலகத்தையே ஆட்டி வச்ச மனுஷன், 1978ல கம்பெனி திவால், குதிரைங்க மொத்தமும் கைமாறுச்சு. வாங்கினது யாருன்னு நினைக்கிறீங்க, நாலாவது ஆகா கான் கரீம். அதுக்கு முந்தின வருஷம் தான் டூப்ரே குடும்பத்து குதிரைங்களையும் மொத்தமா வாங்கியிருந்தார். புசாக்கிட்ட இருந்து வந்த ரத்தத்துல பொறந்த அகியிடா 1982ல இதே ஆர்க் ரேஸை ஜெயிச்சுது. அதே குதிரைங்க, முதலாளி மட்டும் வேற.

என் வாதம் ஒண்ணே ஒண்ணு தான் பாஸ். இந்த குடும்பம் கெட்டியா புடிச்சுக்கிட்டது கப் ஜெயிச்ச ஆண் குதிரைங்களை இல்ல, அதுங்களோட அம்மாக்களையும் அக்கா தங்கச்சிங்களையும்.

7 அக்டோபர்

காசு விஷயத்துக்கே இன்னும் ரெண்டு கணக்கு. மூணாவது ஆகா கான், அதாவது கரீமோட தாத்தா, பம்பாயில ரேஸ் ஓட்டிட்டு இருந்தவர், 1920கள் ஆரம்பத்துல இங்கிலாந்துல இறங்குறார், ஜார்ஜ் லாம்ப்டன்ங்கிற ட்ரெய்னரை வச்சு ஏலத்துல ஒரு வயசு குட்டிங்களா பொறுக்குறார். 1922ல டான்காஸ்டர் ஏலத்துல 9,100 கினி (ஒரு கினி ஒரு பவுண்டுக்கு கொஞ்சம் மேல) குடுத்து ஒரு சாம்பல் நிற ஃபில்லி, அதாவது இளம் பெண் குதிரை, பேரு மும்தாஜ் மஹல். அந்த காலத்துக்கு அது கண்ணு முழி பிதுங்குற விலை, சரி. ஆனா இன்னொரு பொண்ணு, ஃப்ரையர்ஸ் டாட்டர், வெறும் 250 கினி! அவ வயித்துல பொறந்தவன் தான் பஹ்ராம், 9 ரேஸ் ஓடி 9லயும் ஜெயிச்சு 1935ல இங்கிலாந்தோட ட்ரிபிள் க்ரவுன், அதாவது 2000 கின்னீஸ், டெர்பி, செயின்ட் லெஜர்னு மூணு பெரிய ரேஸையும் எடுத்தவன். அதுக்கு முன்னாடி பொறந்த அண்ணன் தஸ்தூர் 1932ல அதே மூணு ரேஸ்லயும் ரெண்டாவது வந்தவன். 250 கினிக்கு இது.

7 அக்டோபர், கொஞ்ச நேரம் கழிச்சு

இப்ப மறு பக்கம். தாத்தா ஆகா கான் ஆம்பளை குதிரைங்களை வித்த லிஸ்ட்டை பாத்தா தலை சுத்தும். 1930 டெர்பி ஜெயிச்ச ப்ளென்ஹைம், 1936ல அமெரிக்காவுக்கு. பஹ்ராம் 1940ல அமெரிக்காவுக்கு. 1936 டெர்பி ஜெயிச்ச மஹ்மூத், அதுவும் 1940ல அமெரிக்காவுக்கு. 1952 டெர்பி துல்யார், அடுத்த வருஷமே அயர்லாந்து அரசாங்கத்தோட ஸ்டட் ஃபார்முக்கு 250,000 பவுண்டு. டெர்பி ஜெயிச்ச குதிரையை நாடு தாண்டி விக்கிறானேன்னு இங்கிலாந்துல ப்ரீடருங்க வயிறு எரிஞ்சு பேசினாங்க. அவங்க எரிஞ்சதுலயும் நியாயம் இருக்கு, அமெரிக்கா போன ப்ளென்ஹைமோட பையன் வர்லவே 1941ல அந்த ஊரு ட்ரிபிள் க்ரவுன் எடுத்தான், மஹ்மூத் 1946ல அமெரிக்காவோட நம்பர் ஒன் அப்பா, அதாவது அந்த வருஷம் குட்டிங்க அதிக பரிசுப் பணம் ஜெயிச்ச ஆண் குதிரை.

எல்லாத்துக்கும் மேல நஸ்ருல்லா. ஆகா கான் பண்ணையில பொறந்தவன், மும்தாஜ் மஹலோட பேரன், பொண்ணு மும்தாஜ் பேகத்தோட பையன். குணம் சரியில்ல, ட்ரெய்னிங் போக மாட்டான், நடுவுல நின்னுடுவான், யுத்த காலத்துல 1943 டெர்பியில மூணாவது. வித்துட்டாங்க. அயர்லாந்துக்காரர் ஒருத்தர் கைக்கு போய், அங்கேருந்து கென்டக்கி க்ளேபோர்ன் பண்ணைக்கு போனான், அமெரிக்காவுல 5 தடவை நம்பர் ஒன் அப்பாவா வந்தான். பையன் போல்ட் ரூலர், பேரன் அமெரிக்காவே கொண்டாடுற செக்ரட்டேரியட். போதுமா?

9 அக்டோபர்

"அப்ப வித்தது முட்டாள்தனம் தானே, நீங்களே சொல்றீங்களே"ன்னு ஒருத்தர் மடக்குறார். நல்ல மடக்கு. ஆனா ஏலக் கேட்லாக்கை கையில எடுத்து பாத்தவங்களுக்கு இந்த சந்தேகம் வராது.

நான் இருக்கிறது அயர்லாந்து கில்டேர் பக்கம், இந்த ஊர்ல குதிரை நம்மூர் மாடு மாதிரி, ரோட்டோரம் வேலிக்கு அந்தப்பக்கம் மேஞ்சுட்டே இருக்கும். கில்ங்கிற ஊர்ல கோஃப்ஸ் ஏலம் நடக்கும், உள்ள போக காசு கிடையாது, நவம்பர்ல லீவு கிடைச்சா போய் உக்காந்துடுவேன். தாய்க்குதிரைங்களை இடுப்புல நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி வட்டமா நடத்திக்கிட்டு வருவாங்க, வயித்துல குட்டியோட இருக்கிறது ஒண்ணு ஒண்ணும் மெதுவா வரும். கேட்லாக்ல ஒரு குதிரைக்கு ஒரு பக்கம். மேல சின்னதா அப்பா பக்கம் அம்மா பக்கம் கட்டம் போட்ட வம்ச மரம், அதுக்கு கீழ முக்கால் பக்கமும் அம்மா கதை தான்: முதல் தாய், அவ என்ன ஜெயிச்சா, அவளுக்கு பொறந்தது என்ன ஜெயிச்சுது, ரெண்டாவது தாய், மூணாவது தாய். பெரிய ரேஸ் ஜெயிச்ச பேரை தடிச்ச கறுப்பு எழுத்துல போடுவாங்க, பக்கத்துல இருக்கிற கிழவருங்க பேரைக்கூட படிக்காம கறுப்பு எங்க எங்க இருக்குன்னு பாத்துட்டே கை தூக்குவாங்க.

அப்பா கதை ஏன் இல்லைன்னா, ஒரு ஸ்டாலியனுக்கு, அதாவது குட்டிக்காக வச்சிருக்கிற ஆண் குதிரைக்கு, ஒரே வருஷத்துல 100, 150 குட்டி பொறக்கும், அந்த அப்பா யாருக்கு வேணா காசுக்கு கிடைப்பான். மேருக்கு, அதாவது தாய்க்குதிரைக்கு, வருஷத்துக்கு ஒண்ணு தான், வயித்துல 11 மாசம். அதனால இந்த தொழில்ல அப்பா ஒண்ணா இருந்தா அண்ணன் தம்பின்னே சொல்ல மாட்டாங்க, அம்மா ஒண்ணா இருந்தா தான் உறவு. ஆண் குதிரையை வித்தாலும் அவன்கிட்ட நாளைக்கு ஃபீஸ் கட்டி மேரை அனுப்பிக்கலாம். மேரை வித்தா அந்த வாசல் மூடிடுச்சு.

9 அக்டோபர்

ஆமாங்க, புனேல காந்தியை அடைச்சு வச்சிருந்த, கஸ்தூர்பா இறந்து போன ஆகா கான் மாளிகை, அதே தாத்தா ஆகா கான் தான். 1946ல பம்பாயில வைரத்துக்கு எடை போட்டாங்களே அவரே தான். கூடவே இந்த ரேஸ் வேலையும். மனுஷனுக்கு ஒரே நாள்ல எத்தனை மணி நேரம் இருந்துச்சோ.

மதத் தலைவருக்கு ரேஸ் எதுக்குன்னு ரெண்டு பேர் சண்டைக்கு நிக்கிறீங்க. அது அவங்க சமூகத்துக்குள்ள பேசிக்க வேண்டிய விஷயம், நான் குதிரையோட நிறுத்திக்கிறேன்.

12 அக்டோபர்

போன குறிப்புல விட்டது. வித்த ரத்தம் சுத்தி வீட்டுக்கே வந்த கதை, எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி.

நஸ்ருல்லா அமெரிக்கா போனான் இல்லையா, அவனோட பையன் நெவர் பெண்ட். அவன் பையன் மில் ரீஃப், 1971ல டெர்பியும் ஆர்க்கும் ஜெயிச்சவன். மில் ரீஃப் பையன் ஷிர்லி ஹைட்ஸ், அவன் பையன் தர்ஷான், 1984ல ஃப்ரெஞ்சு டெர்பி ஜெயிச்சது பேரன் கரீம் ஆகா கானுக்கு. தர்ஷான் பையன் தலகானி, 2003 ஆர்க். தாத்தா "இது தலைவலி"ன்னு தள்ளிவிட்ட குதிரையோட கொள்ளுப்பேரனுக்கு பேரன், பேரனுக்கே கப்பு வாங்கிக் குடுத்திருக்கான்.

இன்னொரு வழியும் இருக்கு. நஸ்ருல்லா பையன் ரெட் காட், அவன் பையன் ப்ளஷிங் க்ரூம், கரீம் அதை 16,500 கினிக்கு குட்டியா வாங்கினார், அவன் பிரான்ஸ்ல கலக்கினான், என்ன பண்ணார்? தாத்தா மாதிரியே அமெரிக்காவுக்கு வித்துட்டார். அவன் அங்க போய் பெரிய அப்பாவா ஆனான். குடும்ப வழக்கம் போல.

12 அக்டோபர், ராத்திரி

தூக்கம் வரல, ஜர்காவா வம்சத்தை எழுதிட்டு படுக்கிறேன். 2008 ஆர்க், 7 ரேஸ் ஓடி 7லயும் ஜெயிச்ச பொண்ணு. அம்மா ஜர்காஷா, பாட்டி ஜர்கானா, அவ அம்மா ஜர்னா, அவ அம்மா ஜஹ்ரா, அவ அம்மா பெட்டிட் எட்வால். அம்மா பேரு எந்த எழுத்துல ஆரம்பிக்குதோ குட்டிக்கும் அதே எழுத்துன்னு இவங்க பண்ணையில ஒரு பழக்கம், அதனால பேரை பாத்தாலே எந்த வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிடலாம். டாரிஸ் கூட அப்படித்தான், அம்மா டாரியகானா.

பெட்டிட் எட்வால் 1959ல பெண் குதிரைங்களுக்கான 1000 கின்னீஸும் ஓக்ஸும் ஜெயிச்ச சாம்பல் அழகி, கரீமோட அப்பா அலி கானோட குதிரை. ட்ரெய்னிங் போறப்போ முன்னாடி ஒரு சாம்பல் குதிரை, பின்னாடி ஒரு சாம்பல் குதிரை வேணும்னு அடம் புடிப்பாளாம், அவ்வளவு கெத்து. அவளுக்கு மேல போனா மும்தாஜ் மஹல் வரைக்கும் எல்லாமே பொண்ணுங்க. ஆனா பண்ணைக்கு வந்த அப்புறம் பெட்டிட் எட்வால் சுத்தமா சொதப்பல், ஒரே ஒரு பொண்ணு தான் பெத்தா, அந்த ஜஹ்ரா. அவளும் பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்து ஜர்னாவும் அப்படியே. ஏலத்துக்கு அனுப்ப ஆயிரம் காரணம் இருந்துச்சு, யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. வச்சுக்கிட்டாங்க, 1959க்கு அப்புறம் 2008ல பலன். வேற எந்த முதலாளி 49 வருஷம் காத்திருப்பான்?

14 அக்டோபர்

மேல எழுதினதை திரும்ப படிச்சா பொறுமை, பொறுமைன்னு நானே பூசாரி மாதிரி பேசிட்டு இருக்கேன். இதுல அதிர்ஷ்டமும் கலந்திருக்கு. அந்த ஜஹ்ரா பொறக்காம போயிருந்தா? இல்ல ஆம்பளையா பொறந்திருந்தா? அந்த கிளை அன்னைக்கே முடிஞ்சிருக்கும், ஜர்காவா கிடையாது. இவங்க வருஷா வருஷம் மேருங்களை கழிச்சு கோஃப்ஸுக்கு அனுப்பிட்டும் தான் இருக்காங்க, எல்லாத்தையும் வச்சு பூஜை பண்றதில்ல. எதை வச்சுக்கணும் எதை கழிக்கணும்ங்கிற கண்ணு தான் சொத்து. அந்த கண்ணு யாருதுன்னு கேட்டா, எப்பவும் குடும்பத்து ஆளுங்களோடது மட்டும் இல்ல.

தாத்தா காலத்துல கர்னல் வுயியேன்னு ஒரு பிரெஞ்சு ராணுவ ஆளு. ஒரு குதிரைக்கு 12 தலைமுறை முன்னாடி 4,096 முன்னோர், அதுல யார் யார் எத்தனை தடவை வர்றாங்கன்னு கையால எண்ணி கணக்கு போட்டு, எந்த மேருக்கு எந்த ஸ்டாலியன்னு முடிவு பண்ணுவார். கம்ப்யூட்டர் கிடையாது, நோட்டு பென்சில். அவர் 1931ல செத்துப் போனதும் அந்த வேலையை தொடர்ந்து பண்ணது அவர் மனைவி. வெறும் மேடம் வுயியேன்னு தான் எல்லாரும் சொல்லுவாங்க. ஆகா கான் பேரு தெரிஞ்ச நூறு பேர்ல ஒருத்தருக்கு அந்த அம்மாவை தெரிஞ்சிருந்தா ஆச்சரியம்.

14 அக்டோபர்

செயற்கை கருவூட்டல் தானே, இவ்வளவு கஷ்டம் எதுக்குன்னு கேட்டவருக்கு: தரோப்ரெட்னு சொல்ற இந்த ரேஸ் குதிரை இனத்துல அது கூடாது. நேரடியா சேர்ந்தா தான் குட்டியை பதிவு பண்ணுவாங்க. துல்யார் போய் நின்ன அதே ஐரிஷ் நேஷனல் ஸ்டட்ல டூர் கூட்டிட்டு போவாங்க, அங்க டீஸர்னு ஒரு பாவப்பட்ட ஜீவன் உண்டு. விலை போகாத சாதாரண ஆண் குதிரை. மேர் தயாரா இருக்காளான்னு பாக்க முதல்ல இவனை பக்கத்துல கொண்டு போவாங்க, மேர் கோவக்காரியா இருந்தா உதை வாங்கிறது இவன், தயாரா இருந்தா இவனை இழுத்துட்டு போய்ட்டு லட்ச ரூபா ஃபீஸ் வாங்குற மாப்பிள்ளையை கூட்டிட்டு வருவாங்க. கைடு சொல்லிட்டு இருந்தப்போ எங்க கூட்டத்துல ஆம்பளைங்க யாரும் சிரிக்கல.

19 அக்டோபர்

நேத்து ஆஸ்காட்ல சாம்பியன் ஸ்டேக்ஸ் ரேஸை ஜெயிச்சது இவங்க குதிரை கலாண்டகான். ஜூலையில கிங் ஜார்ஜ் ரேஸும் அவனே. இந்த வருஷம் பிப்ரவரி 4ம் தேதி லிஸ்பன்ல கரீம் ஆகா கான் இறந்தார், அவர் பண்ணைங்களை அவர் மகள் ஜஹ்ரா (மேல சொன்ன குதிரை இல்ல, அதே பேரு) எடுத்து நடத்துறாங்க, அதே வருஷத்துல ஆர்க், கிங் ஜார்ஜ், சாம்பியன் ஸ்டேக்ஸ் மூணும் வீட்டுக்கு.

ஆனா வேடிக்கை பாருங்க, கலாண்டகான் காயடிச்ச குதிரை. கெல்டிங். பண்ணையோட பெரிய ஹீரோவால ஒரு குட்டி போட முடியாது. இந்த வருஷ ஆர்க்ல கெல்டிங்கை விடல, அதனால தான் அங்க டாரிஸ் ஓடினான், கலாண்டகான் ஓடல. ப்ரீடிங் பண்ணையில இப்படி ஆச்சேன்னு தலையில அடிச்சுக்கிற ஆளுங்களை பப்ல பாத்தேன். எனக்கென்னவோ என் கட்சிக்கு இதைவிட சாட்சி வேண்டாம். அவனோட அம்மா கலயானா ரத்தம் இருக்கிற பொண்ணுங்க இருக்காங்கல்ல.

2 நவம்பர்

ஷெர்கார் பத்தி எழுதலையான்னு மூணு பேரு. அந்த கதை எல்லாருக்கும் தெரியும்னு விட்டேன். கரீமோட குதிரை, 1981 டெர்பி ஜெயிச்சான், 10 லெங்த் (10 குதிரை நீளம்) வித்தியாசம், அதுவரைக்கும் யாரும் அவ்வளவு தூரத்துல ஜெயிச்சதில்ல. 1 கோடி பவுண்டுன்னு மதிப்பு போட்டு 40 பங்கா பிரிச்சு, கரீம் 6 பங்கு வச்சுக்கிட்டு மிச்சத்தை வித்தார். அமெரிக்காவுக்கு அனுப்பினா இன்னும் காசு, ஆனா இந்த தடவை அயர்லாந்துலயே விட்டார். தாத்தா மாதிரி அமெரிக்காவுக்கு அனுப்பாம வச்சுக்கிட்ட குதிரை. 1983 பிப்ரவரி 8 ராத்திரி முகமூடி ஆளுங்க பாலிமேனி பண்ணைக்கு வந்து ட்ரெய்லர்ல ஏத்திட்டு போனாங்க, 20 லட்சம் பவுண்டு கேட்டாங்க, பங்குதாரருங்க குடுக்க மாட்டோம்னுட்டாங்க. குதிரையும் கிடைக்கல, எலும்பும் கிடைக்கல. ஐ.ஆர்.ஏ.ங்கிற ஆயுதக் குழு தான்னு இங்க எல்லாரும் பேசுவாங்க, யாரும் ஜெயிலுக்கு போகல. ஒரே ஒரு சீசன் குட்டிங்க தான் மிச்சம், அதுல ஆதால் 1986ல ஐரிஷ் செயின்ட் லெஜர் ஜெயிச்சான்.

பாலிமேனி நான் காய்கறி வாங்கப் போற வழி தான். போர்டு கூட பெருசா இல்ல. ஷெர்காரும் மும்தாஜ் பேகம் வழி வந்த பொண்ணுங்க வீட்டுப் பையன், நஸ்ருல்லாவுக்கு தூரத்து மருமகன் முறை. அவன் போயும் அந்த வீடு நிக்குதுன்னா பொண்ணுங்களால தான்.

2 நவம்பர்

அலியிசா. இதை எழுதாம விட்டா ஒருத்தர் என்னை விட மாட்டார் போல. கரீமோட ஃபில்லி, 1989 ஓக்ஸ் ஜெயிச்சா, டெஸ்ட்ல கற்பூரத்தோட சம்பந்தப்பட்ட பொருள் இருக்குன்னாங்க, 1990 கடைசியில பட்டத்தை புடுங்கினாங்க. கரீம் லேப் டெஸ்ட்டே சரியில்லைன்னு சண்டை போட்டு, இங்கிலாந்துல இருந்து குதிரைங்களை எல்லாம் கிளப்பிட்டு சில வருஷம் அந்தப் பக்கமே ஓட்டல. பட்டம் போனது ரெண்டாவது வந்த ஸ்னோ ப்ரைடுக்கு, துபாய் மக்தூம் குடும்பத்து மேர். அதோட முடியல. அந்த ஸ்னோ ப்ரைடுக்கு பொறந்த பையன் லாம்தாரா, 1995 டெர்பி ஜெயிச்சப்போ உடைச்ச ரெக்கார்டு யாரோடது? மஹ்மூத் 1936ல வச்சது! குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சதாம்னு பழமொழியை இதுக்கு தான் வச்சிருக்கோம் போல.

அதுக்கு அப்புறம் கோவம் தணிஞ்சு திரும்ப வந்து 2000ல சின்டார், 2016ல ஹர்ஸாண்ட், ரெண்டு டெர்பி எடுத்தார். ஷெர்கார், ஷாராஸ்தானி, காயாசி சேத்தா 5. தாத்தாவுக்கும் 5 தான், 1948ல மை லவ் பாதி பங்கு. நடுவுல அப்பா அலி கானுக்கு டெர்பி சைபர், ஆனா 1959ல இங்கிலாந்துல ஒரே சீசன்ல 100,000 பவுண்டுக்கு மேல பரிசுப் பணம் எடுத்த முதல் முதலாளி அவர். அடுத்த மே மாசம் பாரிஸ் பக்கத்துல கார் ஆக்ஸிடெண்ட், போய்ட்டார். 23 வயசுல கரீம் கையில வந்து விழுந்துச்சு எல்லாம், குதிரையில பெருசா ஆர்வம் இல்லாத படிச்ச புள்ள, மூணு வருஷம் முன்னாடி தான் இமாம் ஆகியிருந்தார். அந்த சில வாரத்துலயே சார்லட்ஸ்வில் ஃப்ரெஞ்சு டெர்பி ஜெயிக்குது. வித்துட்டு போயிருந்தா இந்த இழையே கிடையாது.

1 டிசம்பர்

நேத்து டோக்கியோ. கலாண்டகான் ஜப்பான் கப் ஜெயிச்சுட்டான், 2005க்கு அப்புறம் வெளிநாட்டு குதிரை ஜெயிக்கிறது இப்ப தான். ஆபீஸ் கிளம்புற முன்னாடி போன்ல பாத்தேன், கடைசி அடியில தலை நீட்டி ஜெயிச்சான், மாஸ்கரேட் பால் அவ்வளவு கிட்ட.

ஜப்பான்காரங்களை அவங்க ஊர்லயே தோக்கடிச்சாச்சுன்னு கொண்டாடுறவங்களுக்கு ஒரு தகவல். ஜப்பான் ப்ரீடிங்கையே மாத்தின சண்டே சைலன்ஸோட அப்பா வழி: ஹாலோ, ஹெயில் டு ரீசன், டர்ன் டு, அதுக்கு மேல ராயல் சார்ஜர். ராயல் சார்ஜரோட அம்மா சன் பிரின்சஸ், அவ அம்மா யாருன்னு பாத்தா மறுபடியும் நம்ம மும்தாஜ் பேகம். ஒரு வாசல்ல நஸ்ருல்லா அமெரிக்காவுக்கு, இன்னொரு வாசல்ல பேரன் ராயல் சார்ஜர் வழியா ஜப்பானுக்கு, ஒரே பொம்பளை.

1 டிசம்பர்

ஜர்காவா குட்டிங்க என்ன ஆச்சுன்னு கேட்டவருக்கு: பையன் ஜாராக், 2017ல சான் க்ளூ கிராண்ட் ப்ரீ ஜெயிச்சவன், நார்மண்டி பொன்வால் பண்ணையில நிக்கிறான், வெளியாளுங்க ஃபீஸ் கட்டி மேர் அனுப்பலாம். விக்கல. தாத்தா இருந்திருந்தா எப்பவோ கப்பல் ஏத்தியிருப்பார்.

டிப்ஸ் கேட்டு தனியா மெசேஜ் அனுப்பாதீங்க, வம்சம் தெரிஞ்ச எனக்கே பந்தயம் கட்டுற புக்கி கடையில பாக்கி இருக்கு.